பாண்டியம்மாளின் குரல்

"எம்பொண்டாட்டி கொரலு மறந்துபோச்சும்மா. மயக்கி அத மட்டும் எடுத்துக் குடுத்துருங்க" என்றார் தங்கப்பாண்டி.

பழனிசெட்டிபட்டியில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் என் ஆலோசனை அறையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பை முப்பது வருடம் ஓட்டியவர். மனைவி பாண்டியம்மாளும் தினமும் அதே ஜீப்பில்தான் காய் எடுக்கப் போனார். அவர் இறந்து நான்கு வருடம். தூக்கமே வரவில்லை என்று போனவரை டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார்.

"போட்டோ நாலு இருக்கு. போன்ல பேசுனது பேசுனதோட போச்சு. போன வருசம் வரைக்கும் காதுக்குள்ள கேட்டுச்சு. இப்ப வாய் அசையிறது மட்டும் தெரியிது."

மதுரைக்கு ஆறு மாதம் ஞாயிறுதோறும் போய் ஹிப்னாடிச சிகிச்சை படித்து முடித்து எனக்கு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே ஒருவரை ஒருவர் மயக்கிப் பழகுவோம். கூடப் படித்த சுரேஷ்கண்ணன் ஒருநாள் என்னைச் சிறுவயதுக்கு அழைத்துப்போனார். இறந்துபோன அப்பா நீலச் சட்டையில் நின்று, ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டில் எனக்கு பன் வாங்கிக்கொடுத்தார். அதில் ஒட்டியிருந்த சீனிகூட நாக்கில் கரைந்தது. கண் விழித்ததும் தேம்பி அழுதேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"ஏடி ஜெபஷீலா, அப்பா என்னைக்குடி நீலச் சட்டை போட்டாக? வெள்ளையத் தவிர வேற தொடமாட்டாகளே" என்றாள்.

மயக்கத்தில் மனம் நினைவுகளைத் தேடி எடுப்பது மட்டுமில்லை, இல்லாததைப் புதிதாகத் தைத்தும் கொடுத்துவிடும் என்று வகுப்பில் சொன்னது அன்றுதான் உறைத்தது. ஆனாலும் அந்த நீலச் சட்டை அப்பாவை விட்டுக்கொடுக்க இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.

"அண்ணே, கொரலு கேட்டாலும் அது அவுக கொரலுதான்னு என்னால சொல்ல முடியாது. மனசே இட்டுக்கட்டிக் குடுத்துரும்" என்றேன்.

"பொய்யின்னா வேணாம்மா." எழப்போனவர் மறுபடி உட்கார்ந்தார். "எதுக்கும் அவ இருந்த காலத்துக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போங்க."

மயக்கத்துக்குள் இறக்க வகுப்பில் கற்றது, கடற்கரையையோ படிக்கட்டையோ மனதில் பார்க்கச் சொல்வது. அவருக்கு மலைப்பாதைதான் சரி என்று பட்டது. கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு வளைவு ஏறச் சொன்னேன். ஏழாவது வளைவில் இமைத்துடிப்பு நின்றது. கைகள் மடியிலிருந்து எழுந்து இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தன.

"என்ன தெரியிதுண்ணே?"

"பனி. பின்னாடி பொம்பளைக சலசலன்னு பேசுறாக. அவ முன்சீட்டுல இருக்கா."

முகம் இளகியது. 'இப்போ அவுக உங்ககிட்டப் பேசுவாக' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்குக் குரல் கேட்டுவிடும். யாருடைய குரலோ. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"என்ன நடக்குது?" என்று மட்டும் கேட்டேன்.

சிரிப்பு மாதிரி ஒன்று உதட்டில் வந்தது.

"தூங்குறா. நாலு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கிட்டு வர்றவ. ஏறுனதும் எந்தோளுல சாஞ்சிருவா. தோட்டம் வர்ற வரைக்கும் பேச்சே இருக்காது."

"தூங்கட்டும்ணே. நீங்க வண்டிய ஓட்டுங்க."

ஓட்டினார். வலது கை மட்டும் வளைவுகளைத் திருப்பியது. இடது கை கியர் மாற்றியபோதும் அந்தத் தோள் அசையவேயில்லை. ஐந்து நிமிடம் இருக்கும்.

ஐந்துவரை எண்ணி எழுப்பியதும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"கொரலு கேக்கலம்மா" என்றார். ஏமாற்றம் தெரிந்தது. இடது தோளைத் தொட்டுப் பார்த்தார். "மரத்துப்போச்சு."

அடுத்த வாரம் வருவாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தேன். கடைத்தெருக் கூட்டத்தில், இடப்பக்கம் யாரும் இடித்துவிடாதபடி ஒதுங்கி ஒதுங்கி, அந்தத் தோளைக் கொஞ்சம் தாழ்த்தியே வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி மெல்ல நடந்துபோனார்.