மூணு மிதி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போடி ஜீப் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் வெள்ளைத்துரை இந்தப் பழமொழியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னது, ஜீப்பைக் கொண்டுபோய் மோதிவிட்ட தன் மனைவியின் தம்பி மொக்கையனைப் பற்றி. இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று மொக்கையன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். யார் நம்புவார்கள்? போடிமெட்டுக்கு ஏறி இறங்கியே தலை நரைத்த வெள்ளைத்துரையின் வண்டி அது.

"நான் ஓட்டுறவரைக்கும் பிடிச்ச பிரேக்கு, இவன் கால் பட்டதும் செத்துப்போச்சாக்கும்?" என்பான் வெள்ளைத்துரை. ஸ்டாண்டே சிரிக்கும்.

ஆனால் பிரேக் பிடிக்காது என்பது ஆவணி மாசத்திலிருந்தே அவனுக்குத் தெரியும். முதல் மிதிக்குப் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போய்விடும். இரண்டாவது மிதிக்குக் கொஞ்சம் எழும்பும். மூன்றாவது மிதிக்குத்தான் வண்டி சொன்னபடி கேட்கும். ஏலக்காய் பறிப்பு நேரத்தில் வண்டியைப் பட்டறையில் போட மனசு வரவில்லை. குறையக் குறைய பிரேக் ஆயிலை ஊற்றினான். வளைவு கண்ணில் படும்போதே மூணு மிதி மிதித்துப் பழகிக்கொண்டான். போகப் போக அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்றே நினைக்கத் தொடங்கிவிட்டான். அந்தப் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

வண்டி மோதிய அன்றைக்கு ராசிங்காபுரத்தில் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்லாமல் பிள்ளையை எங்கே உட்காரவைப்பது? வெள்ளைத்துரை புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து சாவியை மொக்கையனிடம் கொடுத்தான். எஸ்டேட்டுக்குப் போகிற பெண்கள் அதற்குள் ஏறி நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மூணு தடவை மிதிடா மாப்ளே என்று சொல்ல வாயெடுத்தான். அத்தனை பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் ஒருத்தி மிச்சமில்லாமல் இறங்கிவிடுவாள். அவன் வண்டிக்கு இருந்த பேரும் அதோடு போய்விடும்.

"வெரசாப் போயிட்டு வா மாப்ளே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்சுக்கு நடந்தான்.

ஏறும்போது பிரேக்குக்கு அவ்வளவாக வேலையில்லை. சாயங்காலம் இறங்கும்போது முதல் கொண்டையூசி வளைவிலேயே மொக்கையன் ஊர் உலகத்தைப் போல ஒரு மிதி மிதித்தான். பெடல் போய் அடியில் படுத்துக்கொண்டது. ஒரு பக்கம் பாதாளம், ஒரு பக்கம் மலை. மலைப் பக்கமாக ஒடித்து மண்மேட்டில் மோதி நிறுத்தினான். முன்னால் உட்கார்ந்திருந்த அய்யம்மாளுக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். ஒரு வண்டிச் சனத்தைக் காப்பாற்றியவனுக்கு ஓட்டத் தெரியாதவன் என்று பேர் வந்தது. அதற்கப்புறம் யாரும் அவனிடம் வண்டி கொடுக்கவில்லை. டிரைவர் வேலையைத் தவிர வேறு சோலி அவனுக்குத் தெரியாது.

சில நாள் கழித்துத்தான் ஜீப்பை இழுத்துக்கொண்டு வந்து சுந்தரராஜ் பட்டறையில் போட்டார்கள். மொக்கையன் ஒரு ஓரமாக நின்றான். சுந்தரராஜ் கதவைத் திறந்து குனிந்து பெடலைப் பார்த்தான்.

"யாராச்சும் ஏறி மிதிங்கப்பா. ஒரே மிதி. எம்புட்டு இறங்குதுன்னு பார்க்கணும்."

"அவன் மிதிச்ச மிதிதான் தெரியுமே" என்று சிரித்தபடி வெள்ளைத்துரை ஏறி உட்கார்ந்தான். கால் தன்பாட்டுக்கு டக் டக் டக்கென்று மூன்று தடவை மிதித்தது.

"ஒரு மிதிதான்ணே சொன்னேன்."

"சரி சரி" என்றான் வெள்ளைத்துரை. மறுபடியும் டக் டக் டக்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாகிவிட்டது. சுந்தரராஜ் நிமிர்ந்து அவனை ஒரு தரம் பார்த்தான். பின்பக்கச் சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே எண்ணெய் கசிந்து ஊறிக் கிடந்தது.

"பிரேக் ஆயிலை அடைச்சு நிக்கிற ரப்பர் கப்பு தேஞ்சுபோச்சு. எண்ணெய் வெளியே வர்ற வழியில காத்து உள்ளே போயிருக்கு. காத்து புகுந்தா பெடல் மெத்துமெத்துன்னுதான் இறங்கும். இது நேத்து வந்த கோளாறு இல்லண்ணே."

மொக்கையன் பக்கத்தில் வந்தான். அவன் கத்தியிருந்தால் வெள்ளைத்துரையும் பதிலுக்குக் கத்தியிருப்பான்.

"சொல்லியிருந்தா நானும் மூணு மிதி மிதிச்சிருப்பேனே மாமா" என்றான் மொக்கையன்.

வெள்ளைத்துரைக்கு உடம்பெல்லாம் கூசியது. சீட்டிலிருந்து இறங்கி ஒதுங்கி நின்றான். சுந்தரராஜ் புதுக் கப்பு போட்டு, காற்றை வெளியேற்றப் பெடலை மிதிக்கக் கூப்பிட்டபோது மொக்கையன்தான் ஏறினான். சொன்னபோது மிதித்தான், சொன்னபோது விட்டான். குமிழ் குமிழாக வந்த எண்ணெய் பிறகு தெளிந்து வந்தது. பெடல் இறுகி மேலே நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கையில் கட்டோடு அய்யம்மாள் தெருவில் வந்தாள். வைத்தியரிடம் கட்டு மாற்றிவிட்டுப் போகிறவள், மொக்கையனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஓட்டத் தெரியாட்டி எதுக்குடா வண்டியத் தொட்ட? களை வெட்டப் போக வேண்டியதுதான?"

மொக்கையன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். அவள் வெள்ளைத்துரை பக்கம் திரும்பினாள். குரல் குழைந்தது.

"கை கூடட்டும்ணே. இனி நீ ஓட்டுனாத்தான் ஏறுவேன். மாசமா இருக்கிற எம் மகளையே உன்னை நம்பித்தான அனுப்பிக்கிட்டிருந்தேன்?"

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். இந்த வார்த்தையை அவனால் தாங்க முடியவில்லை.

"அவன் மேல தப்பில்ல ஆத்தா. பிரேக்கு ஆவணியிலேயே போச்சு. எனக்குத் தெரியும்."

அய்யம்மாள் அவன் பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

"தெரிஞ்சேதான் ஏத்துனியா?"

"ஆமா."

"எம் மக வந்தப்பவும்?"

"அப்பவும்தான்."

அவள் அவனைத் திட்டவில்லை. மொக்கையனிடம் திரும்பினாள்.

"நான் இந்தப் பேச்சுப் பேசுறேன், நீ ஏன்யா வாயத் திறக்கல?"

மொக்கையன் கையிலிருந்த எண்ணெயைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"எங்கக்கா புருசனாச்சே ஆத்தா. நாலு பேர் முன்னால எப்படிச் சொல்றது?"

வெள்ளைத்துரை முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.