பலகையில் என் பெயர்

ஜெர்மனியின் ஹம் நகருக்கு வெளியே, அறுவடை முடிந்த வயலில், ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் ஸ்டொக் கார் ஓட்டப்போட்டி நடக்கிறது. நீள்வட்டமாக ஒரு மண் பாதை. கழிவுக்குப் போகவேண்டிய கார்களின் கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை இரும்பு வைத்து ஒட்டி, நாற்பது சுற்று ஓடுவார்கள். இடித்தால் குற்றமில்லை. 1977 முதல் வென்றவர்களின் பெயர்கள் கிளப் கொட்டகையில் ஒரு மரப்பலகையில் இருக்கின்றன. அதில் ஒரு வரியைக் கறுப்பு மையால் மூடவைத்தவன் நான்.

அந்த வரி 2006. வென்றவன் என் மகன் லக்ஸன். பலகையில் குடும்பப் பெயரை மட்டும் எழுதுவது அவர்கள் வழக்கம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அவன் பிறந்தபோது பதிவு அலுவலகப் படிவத்தில் அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன். ஆகவே பலகையிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் வென்றவர் மகேந்திரராஜா.

நான் அப்போது கோயில் நிருவாக சபைச் செயலாளர். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஒருவர் சத்தமாகக் கேட்டார்.

"என்ன மகேந்திரண்ணை, உந்த வயசில ஓட்டைக் கார் ஓடி வெண்டிட்டியளாமே! தேர் இழுக்கவும் உங்களையே விடுவமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. திங்கட்கிழமையே கிளப்புக்குக் கடிதம் எழுதினேன்: என் பெயரை என் அனுமதியின்றிப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், அகற்றவும். அகற்றினார்கள்.

லக்ஸன் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. வெளியே வாடகைக்கு அறை எடுத்துக்கொண்டு போனான். வந்தால் சமையலறையில் தாயோடு கதைத்துவிட்டு, என் முன்னால் இரண்டு நிமிடம் நின்று, "வாறன் அப்பா" என்பான். மூன்று வருடங்களுக்கு முன் கணையப் புற்றுநோயில் இறந்தான்.

இந்த வசந்தத்தில் கிளப்பிலிருந்து பிறிகிற்றா என்ற பெண் தொலைபேசியில் அழைத்தார். போட்டியின் ஐம்பது ஆண்டு வரலாறு நூலாக வருகிறது. 2006ஐ என்ன செய்வது? நான் எழுத்தில் தடுத்தது, நான்தான் எழுத்தில் அனுமதிக்கவேண்டும்.

"உதுக்கும் யோசனையோ?" என்றாள் என் மனைவி கமலநாயகி. "போய் அவன்ர பேரைக் குடுத்திட்டு வாங்கோ. இனி ஆருக்கு முன்னால கௌரவம் பாக்கப்போறியள்?"

போனேன். பலகையில் கறுப்புக் கோட்டுக்குக் கீழே, 2009, 2010 இரண்டிலும் 'பெயர் இல்லை' என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது.

"இது யார்?" என்றேன்.

"உங்கள் மகன்தான்," என்றார் பிறிகிற்றா. "அப்பாவின் பெயரைப் போட முடியாது என்றான். சரி, லக்ஸன் என்று மட்டும் எழுதுகிறோம் என்றோம். வேண்டாம், அப்பா இல்லாமல் தனியாக நிற்க மாட்டேன் என்றான்."

"இப்போது லக்ஸன் என்று போடுங்கள்," என்றேன்.

"அவன் வேண்டாமென்றதை நான் எப்படிப் போடுவது?" பிறிகிற்றா கணினியைத் தன்பக்கம் திருப்பினார். "உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். முதல்முறை அவன்தான் சொன்னான். நீளமாக இருக்கிறதே, சுருக்கலாமா என்று கேட்டேன். அன்றைக்கு மட்டும்தான் என்னோடு கோபித்தான்."

சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

அச்சிட்டுத் தந்த தாளில் கையெழுத்திட்டேன். 2006, 2009, 2010. மூன்று வரிகளிலும் மகேந்திரராஜா. ஒரு எழுத்துப் பிழையுமில்லை. அந்த வயலில் ஒரு சுற்றுக்கூட நின்று பார்க்காதவன் மூன்று முறை வென்றிருக்கிறான்.