ஏழாம் நம்பர் தட்டு

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த வட்டக் காகிதத்தைப் பார்த்ததும் தட்டுக்காரர் குனிந்து கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றார்.

நாட்டின் ஹிப் ஹாப் இசை வரலாற்றுக்கென்று ஒரு கண்காட்சி. மறுநாள் திறப்பு. பலகைகளில் போடும் குறிப்புகளைச் சரிபார்த்துத் தரும்படி பொறுப்பாளரான இளம்பெண் அவரை வரவழைத்திருந்தாள். இப்போது அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்தான். ஆனால் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் இரண்டு ரெக்கார்டு பிளேயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பாட்டின் தாளத் துண்டை மாற்றி மாற்றி ஓட்டிக் கூட்டத்தை ஆடவைத்த முதல் ஆள் அவர். தட்டுக்காரர் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அந்தக் காலத்தில் நல்ல தாளம் உள்ள இசைத்தட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. எந்தத் தட்டு என்று எதிர்க்குழு எட்டிப் பார்த்துவிட்டால் போச்சு, அடுத்த வாரமே அவர்களும் அதை வாங்கி ஓட்டுவார்கள். அதனால் தட்டின் நடுவிலுள்ள லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, வெறும் நம்பர் போட்டு வைப்பது வழக்கம். அந்த வேலையைச் செய்தது அவருடைய அக்கா. உரித்த லேபிளைக் காயவைத்து, பின்பக்கம் பென்சிலால் அதே நம்பரை எழுதி பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவாள். தன் வீட்டு டின்னுக்குப் பூட்டு எதற்கு என்று தம்பி நினைத்தார். பெரிய புத்திசாலி.

விளையாட்டு அரங்கத்தில் நடந்த முதல் போட்டியில் எதிர்க்குழு நெட்டையன் முதலில் மேடையேறினான். இவருடைய ஏழாம் நம்பர் தட்டையே ஓட்டினான். அதை நம்பியே வந்திருந்த இவர் பின்னால் போய் அதையே ஓட்ட, காப்பியடித்தவன் இவர்தான் என்று கூட்டம் ஊளையிட்டது. தட்டின் பெயர் தெரிந்தவன் வீட்டுக்கு வெளியில் ஒருவன்தான், குழுவில் ராப் பாடிய கூட்டாளி பீரங்கி. தட்டுக்காரர் யோசிக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் மைக்கைப் பிடுங்கி அவனைத் துரோகி என்றார், கன்னத்திலும் அறைந்தார். பீரங்கி மேடையை விட்டு இறங்கிப் போனான். அதன் பிறகு அவன் பாடவே இல்லை, பஸ் ஓட்டப் போய்விட்டான். ஊரும் அவனைத் துரோகி என்றுதான் சொன்னது. கண்காட்சிக் குறிப்பிலும், இவர் கொடுத்த பேட்டியை நம்பி, 'கூட்டாளி காட்டிக்கொடுத்ததால்' என்று எழுதியிருந்தார்கள். அழைப்பு அனுப்பியதற்கு, துரோகிக்கு அங்கே என்ன வேலை என்று பீரங்கி பதில் சொல்லியிருந்தானாம்.

பெட்டியிலிருப்பவை போன வருஷம் இறந்த நெட்டையன் பத்திரப்படுத்தி வைத்திருந்த பொருள்கள் என்றாள் பொறுப்பாளர். அந்த வட்டக் காகிதம் உரித்தெடுத்த ஒரு லேபிள். அதைத் திருப்பிக் காட்டச் சொன்னார். பென்சிலில் ஒரு ஏழு. அதன் இடுப்பில் குறுக்காக ஒரு கோடு. தான் வேலை பார்த்த சலவை நிலையத்துச் சீட்டில் ஒன்றும் ஏழும் குழம்பாமலிருக்க அக்கா அப்படித்தான் எழுதுவாள். உலகத்தில் வேறு யாரும் அப்படி எழுதி அவர் பார்த்ததில்லை. அந்த பிஸ்கட் டின்னிலும் அவளைத் தவிர யாரும் கை வைத்ததில்லை.

குறிப்பைப் பிறகு சொல்கிறேன் என்று அவர் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். அவள் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் மழுப்பவில்லை.

"ஆமா, நான்தான் குடுத்தேன்."

"ஏன்க்கா?"

"அந்தத் தட்டைப் பழைய சாமான் கடையில மண்டி போட்டுத் தேடி எடுத்தது யாரு? எந்த இடத்துல வெட்டி ஓட்டணும்னு காட்டிக் குடுத்தது யாரு? நானும் மேடைக்கு வரேன்னதுக்கு, பொம்பளை வந்தா சிரிப்பாங்கன்னு சொன்னே. தட்டு தேடுறது நீங்கதானாமேன்னு அந்த நெட்டையன் ஒருத்தன்தான்டா என்கிட்ட கேட்டான்."

கூட இருந்தே குழி பறித்திருக்கிறாள். ஆனால் அவருக்குப் போட்டியில் தோற்றது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக இவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே பீரங்கியைத் திட்டியிருக்கிறார், இவளும் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அதுதான் நெஞ்சை அறுத்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"அவனை நான் அடிச்சப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு நாள்ல சேர்ந்துடுவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் சொல்ல பயமாயிடுச்சு." போர்வையை அவள் மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

அப்போது போன் அடித்தது. பொறுப்பாளர்தான். பலகை அச்சுக்குப் போகிறது, திருத்தம் உண்டா என்று கேட்டாள்.

"காட்டிக்குடுத்தது கூட்டாளி இல்லைன்னு போடுங்கம்மா."

அப்படியானால் யார் என்று அவள் கேட்டாள். தட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். என்னை விட்டுவிடு என்று கெஞ்சுவாள் என எதிர்பார்த்தார். கெஞ்சியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்.

"சொல்லு, என் பேரைச் சொல்லு," என்றாள் அக்கா. "அப்படியாவது அந்த மேடையில ஒரு தடவை என் பேரு வரட்டும்."

அவர் அக்காவின் முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார். மறுமுனையில் எழுதிக்கொண்டவள், "உங்க குழுவுல இவங்க என்னவா இருந்தாங்க சார்?" என்றாள்.

அவர் போனை அக்காவிடம் நீட்டினார். மன்னித்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவள் முகத்தைப் பார்க்கவும் அவருக்குப் பிடிக்கவில்லை. அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். ஏழாம் நம்பர் தட்டைக் கண்டுபிடித்தது நான் என்று அவள் தொடங்கியபோது, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பீரங்கி பஸ் ஓட்டும் டிப்போவுக்குக் கிளம்பியிருந்தார்.