கப்பலில் விட்டு வந்தது

பெர்லிதா கஞ்சிக் கரண்டியை அப்பாவின் வாயருகே கொண்டுபோனபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்செல்மோ வாயை மூடிக்கொண்டார்.

"ஆரம்பிச்சுட்டானுங்க," என்றார்.

கரையில் ஊரே திரண்டிருந்தது. மூன்று நாளாகப் படகை இறக்கக் கூடாதென்று தடை. இலோகோஸ் கரையோர மீனவர்களுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. கழித்துக்கட்டிய போர்க்கப்பல் ஒன்றைத் தொலைவில் நிறுத்தி, எங்கள் நாட்டுக் கடற்படையும் வெளிநாட்டுக்காரர்களும் சுட்டுப் பழகினார்கள். அந்த ஓட்டைக்கு இத்தனை பீரங்கி எதற்கு, சும்மா விட்டால் தானாக மூழ்கிவிடுமே என்று பக்கத்து வீட்டுக்காரன் காலையில் சிரித்துவிட்டுப் போனான். அதன் இயந்திர அறையில் அன்செல்மோ இருபத்திரண்டு வருஷம் வெந்தவர் என்பது அவனுக்கும் தெரியும்.

அன்செல்மோவின் கவலை கப்பலைப் பற்றியதல்ல. ஓரிடத்தை விட்டுக் கிளம்பும்போது, வா போகலாம், இங்கேயே நின்றுவிடாதே என்று தன் ஆத்மாவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். கூப்பிடாவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். எங்கள் பக்கம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதுகூட அதற்குப் பதிலாக நாங்கள் கூப்பிடுவோம். ஓய்வுபெற்ற நாளன்று தோழர்கள் ஊற்றிக் கொடுத்த ஜின்னில் அவருக்கு நினைவே இல்லை.

"நான் நடந்து இறங்கல, பெர்லி. மூட்டை மாதிரி தூக்கிட்டு வந்தாங்க. கூப்பிடவே இல்ல. கப்பல் முழுகறதுக்குள்ள நீ கரைக்குப் போய்க் கூப்பிட்டுடும்மா."

கரைக்குப் போய்வர அரைமணி ஆகும். அந்த மூச்சு அரைமணி தாங்காது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருமில்லை. கொல்லைப்புறம் போய்ப் பப்பாளி மரத்தடியில் நின்று, உள்ளே அவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"கூப்பிட்டேம்பா. வந்துட்டீங்க."

அவர் நம்பிவிட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கையை ஊன்றி, முனகிக்கொண்டே சுவரோரமாக நகர்ந்து, கப்பலிலிருந்து வந்தவனுக்குப் படுக்கையில் பாதி இடம் விட்டார்.

மத்தியானம் கரையிலிருந்து பெரிய ஆரவாரம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தபோது அப்பாவின் மார்பு அசையவில்லை.

குளிப்பாட்ட வந்த பெண்கள், ஏன் இப்படிச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறார், நடுவில் இழுத்துப் போடலாம் என்றார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பெர்லிதா வெளியே நடந்தாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கரையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மணலெங்கும் எம்பனாடா பலகாரம் சுற்றிய, எண்ணெய் படிந்த காகிதங்கள். கடலில் பார்க்க ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் எதையோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கினாள்.

"அப்பா, வாங்க போகலாம். அங்கேயே நின்னுடாதீங்க."

தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தாள். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவள் நின்று நின்று, மெதுவாகத்தான் போனாள்.