வொர்ரி, இரண்டு தடவை

1

இந்தக் கதை ஒரு தப்பில் பிறந்தது. தப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெற்கு ஆஸ்திரேலியாவில், ஆட்களைவிட ஆடுகள் பல மடங்கு அதிகமுள்ள ஓர் ஊரின் சின்ன மருத்துவமனையில் நான் நர்ஸ். பதினோரு வருடமாக. ஒரு வியாழக்கிழமை மெர்வ் பாஸ்கோ ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். எழுபத்தொரு வயது, செம்மறி வளர்ப்பவர். அறுபது தாண்டியவர்களிடம் மனக்கவலை பற்றி ஒரு தாளிலுள்ள கேள்விகளைக் கேட்டு நிரப்ப வேண்டும். அன்றைக்கு அவர் பதினாலாவது ஆள். நிமிராமலே கேட்டேன்.

"கடந்த நாலு வாரத்துல எத்தன தடவ வொர்ரி இருந்துச்சு?"

"ரெண்டு தடவ. மொதத் தடவ நாலு. அடுத்த தடவ ஏழு."

'2' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். எழுந்து சட்டைக் கையை இறக்கிக்கொண்டே, "எல்லாம் சினை ஆடு, கண்ணு," என்றபோதுதான் நிமிர்ந்தேன்.

(அவர் சொன்ன சொல் 'கண்ணு' இல்லை. இங்கே தபால்காரியையும் கடைக்காரியையும் என்னையும் ஒரே சொல்லால்தான் கூப்பிடுவார்கள். அதை அப்படியே 'அன்பே' என்று போட்டால் என் வீட்டுக்காரர் கதையை வேறு மாதிரிப் படிப்பார்.)

2

ஆட்டுக்காரர்களிடம் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. நாய் ஆட்டை விரட்டி, கழுத்தைக் கவ்வி, குதறிப்போடுவது. குரல்வளையை நெரிப்பதுதான் அதன் பழைய பொருளாம். மனசுக்கு வருகிற வொர்ரி பிற்பாடு ஒட்டிக்கொண்டது. நம் கவலை கரையான் மாதிரி அரிக்கும், அவசரமில்லாமல். இவர்களுடையது தொண்டையைப் பிடிக்கிறது.

[பழந்தமிழில் 'கவலை' என்றால் வழி பிரியும் இடம் என்று இங்கே ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். செத்த ஆட்டைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அகராதி புரட்டுவது அழகில்லை.]

3

முதல் தொடக்கம்: 'மனைவி இறந்த பிறகு மெர்வ் தனியாக—'

இல்லை. ஜாய்ஸ் சாகவில்லை. புழுதி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒன்பது வருடத்துக்கு முன் அடிலெய்டில் மகள் வீட்டுக்குப் போனார், நன்றாக இருக்கிறார். சாகடித்தால் எனக்கு வேலை சுலபம். அதனாலேயே விட்டேன்.

இரண்டாவது: 'அந்த நாய்க்குப் பசி இல்லை. அது—'

நாய்க்குள் புகுந்து எழுத எனக்குத் தெம்பில்லை.

ஆகவே நடந்தபடியே சொல்கிறேன். அடுத்த திங்கள், விடியற்காலை, மெர்வ் துப்பாக்கியோடு குட்டைப் பக்கம் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். வெளிச்சம் வந்ததும் ஆடுகள் ஒரே திசையில் ஓடின. பின்னால் இரண்டு நாய்கள். ஒன்று எங்கிருந்தோ வந்த வரிநாய். அதை ஒரே குண்டில் வீழ்த்தினார். மற்றது சத்தம் கேட்டு நின்றது, அவரைப் பார்த்தது, வாலை ஆட்டிக்கொண்டு நேராக அவரிடமே வந்தது. வாயெல்லாம் ரத்தம்; கடிபட்ட ஆடு பிழைத்துக்கொண்டது.

பிக்கிள். பக்கத்துப் பண்ணை லோர்னா ஷூல்ஸின் நாய்.

லோர்னாவுக்கு எழுபத்திரண்டு. இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் டவுனுக்கு வந்துவிடு என்கிறான். நாயை எங்கே கட்டுவது என்று கேட்டே அவள் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜாய்ஸ் போனதிலிருந்து மெர்வுக்கு ஞாயிறு மதியச் சாப்பாடு அவள் வீட்டில்தான். வாரத்தில் அவர் வாய் திறந்து பேசுவது அன்றைக்கு மட்டும்.

சட்டப்படி சுட்டிருக்கலாம். மெர்வ் துப்பாக்கியைக் கீழே வைத்தார். தண்ணீர்த் தொட்டியில் நாயின் முகத்தை முக்கி, பல்லிடுக்கில் விரல் விட்டு, ஆட்டு ரோமத்தை எடுத்துக் கழுவினார். முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனார்.

லோர்னா வாசலில் நின்றாள். "எங்கய்யா புடிச்ச இந்தக் கழுதைய?"

"ரோட்டோரமா சுத்திட்டு இருந்துச்சு."

"ஏன் நனைஞ்சிருக்கு? ஒன் ஆடு பக்கம் ஏதும் போச்சா?"

"நோ வொர்ரீஸ்," என்றார் மெர்வ்.

4

இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. ஓர் ஆட்டுக்காரர் இப்படிச் செய்வாரா? இரண்டு நாள் கதையை மூடி வைத்தேன். அப்புறம் அவர் கையிலிருந்த வெட்டுக்காயம் ஞாபகம் வந்தது; அந்த வாரமே அதைக் காட்டத்தான் என்னிடம் வந்திருந்தார். லோர்னாவின் பின்வேலியில் நாய் நுழைகிற ஓட்டையை அவளுக்குத் தெரியாமல் அடைத்திருக்கிறார்; கம்பி கிழித்துவிட்டது. தையல் போடும்போதுதான் மேலே சொன்னதெல்லாம் சொன்னார்.

"அவங்ககிட்டப் பொய் சொல்லிட்டீங்களே," என்றேன்.

"பொய்யில்ல கண்ணு. கேட்டதுக்குப் பதில் சொல்லல. அவ்ளோதான்."

யோசித்தால், 'நோ வொர்ரீஸ்' என்ற அந்த இரண்டு சொல்லின் வேலையே அதுதான். நன்றி சொன்னால் அதுதான் பதில். காலை மிதித்தாலும் அதுதான். என் அம்மா இறந்த வாரம் லீவு கேட்டபோது மேலாளர் அதையேதான் சொன்னார். கதவைப் படாரென்று சாத்தாமல் மெதுவாகச் சாத்துகிற சத்தம்.

5

பிக்கிள் வேலிக்கு அடியில் பள்ளம் பறித்தது. இன்னும் மூன்று ஆடு செத்தது. மெர்வ் குழி தோண்டிப் புதைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிறு போய் உட்கார்ந்து, வறுத்த உருளைக்கிழங்கு நன்றாக இருக்கிறது என்றார்.

செவ்வாய்க்கிழமை லோர்னா காரில் வந்து இறங்கினாள். நாயைக் கயிற்றில் பிடித்திருந்தாள்.

"காலைல சமையக்கட்டுல வாந்தி எடுத்துச்சு. கம்பளி, உருண்டை உருண்டையா."

மெர்வ் குனிந்து நாயின் காதைச் சொறிந்தார்.

"பின்வேலில புதுக் கம்பி. நீதான போட்ட?"

"ஆமா."

"அப்ப அன்னைக்கே தெரியும் ஒனக்கு."

"தெரியும் லோர்னா."

"எத்தன?"

"பதினாலு."

அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். "இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டுனேன் மெர்வ். எந்தப் பய எவனக் கடிச்சான்னு எந்த அம்மாகிட்டயும் ஒளிச்சதில்ல. அழுதாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன். நீ என்னடான்னா, பாவம் கெழவி, தாங்க மாட்டாள்னு நெனச்சிட்ட."

"அப்படியில்ல—"

"பின்ன எப்படி? சொல்லு."

[இந்த இடத்தில் மெர்வுக்கு நான் மூன்று வசனம் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நல்ல வசனங்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.]

"துப்பாக்கிய எடுத்துட்டு வா," என்றாள்.

"என்னால ஆகாது."

கால்நடை மருத்துவர் அடுத்த ஊரில், நாற்பது நிமிடம். அவள் காரிலேயே போனார்கள். ஊசி போடும்போது லோர்னா நாயின் காதுகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெர்வ் அதன் பின்னங்கால்களை. திரும்பும்போது நாய் பின்சீட்டில், போர்வைக்குள். குழியை மெர்வ் தோண்டினார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தபோது அவள், "ஞாயித்துக்கெழம வராத," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை என்று பிறகு மெர்வ் என்னிடம் சொன்னார்.

6

முடிவு வேண்டும் என்கிறார்கள். எழுதிப் பார்த்தேன்.

அ) லோர்னா டவுனுக்குப் போய்விடுகிறாள். நம்பலாம். ஆனால் எழுதக் கை வரவில்லை.

ஆ) மெர்வ் ஒரு குட்டி நாயோடு போய் நிற்கிறார். படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். லோர்னா அதை அவர் தலையிலேயே எறிவாள்.

இ) மெர்வ்

இ-யை முடிக்கவில்லை. ஏனென்றால் நேற்று, வியாழன், மெர்வ் வந்தார். மூன்று ஞாயிறு போகவில்லை. இளைத்திருந்தார். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். எனக்குக் கால் வலி. அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதாக இல்லை.

"இந்த ஞாயிறு போகலாம்னு இருக்கேன் கண்ணு."

"போங்க."

"ஒம்போது வருஷமா அவ வீட்டுக் கதவத் தட்டுனதே இல்ல நான். எப்பவும் தெறந்தே கெடக்கும். இப்ப சாத்தியிருக்கு, ரோட்டுல இருந்தே தெரியுது."

"தட்டுங்க."

தொப்பியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தட்டிட்டு, தெறக்கலன்னா, எவ்ளோ நேரம் நிக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அவரிடமே சொல்லிவிட்டேன். இன்று வெள்ளி. ஞாயிறு லோர்னா சாப்பிட உட்காருவது பன்னிரண்டரைக்கு. உங்களுக்குத் தெரிந்தால் அதற்குள் சொல்லுங்கள்.