பூஜ்யம் வாங்கிய டாக்டர்

பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கி உதைபட்டவர்கள் ஏராளம். பூஜ்யம் வாங்கி அமெரிக்கா போக இருந்தவர் புத்தூர் சுகாதார அதிகாரி டாக்டர் தணிகாசலம் ஒருவர்தான்.

1958ஆம் வருஷம் அவருடைய சுற்றுவட்டாரத்தில் பெரியம்மைச் சாவு பூஜ்யம். அதைக் கண்டு மகிழ்ந்துபோன ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை அவரைத் திருப்பதிக்கு நேர்காணலுக்கு அழைத்தது. தேறினால் ஒரு வருஷம் அமெரிக்காவில் பொதுச் சுகாதார மேற்படிப்பு, செலவெல்லாம் அவர்களுடையது. படித்து முடித்ததும் மூன்று வருஷம் ஆப்பிரிக்காவில், அம்மை வாரிக்கொண்டு போகிற ஊர்களில் வேலை. மனைவி அம்சவேணி கம்பளிக் கோட்டே தைத்துவிட்டாள். புத்தூர் வெயிலில் அதைப் போட்டுப் பார்த்த டாக்டர், வெந்த கிழங்கு மாதிரி அதிலிருந்து உரிந்து வந்தார்.

அந்தப் பூஜ்யம் பிறந்த கதை வேறு. எல்லைப் பங்கீட்டில் ஆந்திராவிலிருந்து மதராஸுக்குப் போகப்போகிற ஊர்களின் பட்டியலைப் பத்திரிகையில் பார்த்த அன்றே, உத்தரவு வரட்டும் என்று பொறுக்காமல், அதிலிருந்த ஈச்சங்குப்பத்தைத் தன் அம்மை குத்தும் சுற்றிலிருந்து அடித்துவிட்டார். ஒரு ஊர் குறைந்தால் ஒரு நாள் மாட்டுவண்டி மிச்சம். மாசி மாதம் அந்த ஊர்க் கங்கம்மாள் புத்தூருக்கே நடந்து வந்து இடது கையை நீட்டினாள்.

"ஊர்ல அம்மா எறங்கிக்கிறா சாமி. எனக்கு மொதல்ல குத்துங்க. அதைப் பாத்து மத்தவங்களும் கை குடுப்பாங்க."

"உங்க ஊரு மெட்ராஸுக்குப் போயிடுச்சும்மா. அரக்கோணத்துக்குப் போ."

போனாள். அரக்கோணத்தில், "உத்தரவு வர்ற வரைக்கும் நீங்க ஆந்திராதான்" என்றார்கள். மறுபடி புத்தூர் வர அவளுக்கு நாள் இருக்கவில்லை. ஈச்சங்குப்பத்துச் சாவு இரண்டு ராஜ்யத்தின் கணக்கிலும் ஏறவில்லை.

அதன் பிறகு எந்த வரிசையைப் பார்த்தாலும் கடைசி ஆளாக அவள் நின்றாள். பஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, எதுவானாலும் சரி. பேச்சில்லை, நீட்டிய இடது கை மட்டும். டாக்டர் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். அவள் இன்னும் தெளிவாகத் தெரிந்தாள்.

திருப்பதியில், நேர்காணலுக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் கோடியிலும் அவள் இருந்தாள்.

"பூஜ்யத்தை எப்படிச் சாதித்தீர்கள்?" என்று கேட்டார் அறக்கட்டளையின் தலை நரைத்த வெள்ளைக்காரர். ஒரு வாரம் மனப்பாடம் செய்த பதில் டாக்டரின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்தக் கை தெரிந்தது. அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"எத்தனை பேர் இறந்தார்கள்?"

"பதினாறு என்று கேள்வி."

"அவர்கள் பெயர்?"

"கங்கம்மாள்..." அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளைக்காரர் பேனாவை மூடினார். "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எல்லாப் பெயரோடும் வாருங்கள். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு."

வியாழக்கிழமை மத்தியானம் டாக்டர் ஈச்சங்குப்பத்தில் இருந்தார். கங்கம்மாளின் அக்கா மணியம்மா வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா எடுத்துக்கினவங்களுக்கு அழமாட்டோம் நைனா. பேரும் சொல்லமாட்டோம். சொன்னா திரும்பி வந்துடுவாங்க."

"ஒருத்தங்க ஏற்கனவே வந்துட்டாங்கம்மா."

அவள் கை நின்றது. "கங்காவா? எப்டிக் கீறா?"

"கையை நீட்டிக்கினு நிக்கிறாங்க."

"குத்துனியா?"

"இல்ல."

"அப்புறம் எப்டிப் போவா? அரக்கோணம் போய் வந்த காலு. வலிக்காதா அவளுக்கு?"

மணியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடலையைப் பார்த்தபடியே ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். டாக்டர் எழுதினார். பதினாறைத் தாண்டியும் அவள் நிறுத்தவில்லை. பத்தொன்பதில் நின்றாள்.

"கீழ்த்தெருவுல நேத்து ரெண்டு வூட்டுல வேப்பல சொருவிக்கிறாங்க. குத்துற மருந்து எடுத்தாந்தியா?"

டாக்டர் பையைத் திறந்தார். நோட்டு, பென்சில், அம்சவேணி கட்டித் தந்த எலுமிச்சைச் சாதம். சாவுப் பட்டியல் எடுக்க ஓடி வந்தவருக்கு, உயிரோடு இருப்பவர்களின் நினைப்பு இரண்டாம் முறையும் வரவில்லை. வெட்கத்தில் பையை மூடவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், பனிக்கட்டிக் குடுவையில் அம்மைப்பால் மருந்தும், கூடவே கம்பவுண்டர் ஏழுமலையுமாக அதே ஊரில் வண்டியை விட்டு இறங்கினார். பெயர்ப் பட்டியல் சட்டைப்பையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

"பதினோரு மணி ஆவுது சார். அமெரிக்கா, ஆப்பிரிக்கா எல்லாம்?"

"போறவன் போவான். நீ ரிஜிஸ்டரைப் பிரி."

"எந்த ராஜ்யம்னு எழுதறது?"

"பேரை எழுதுய்யா. ராஜ்யம் கெடக்கட்டும்."

புளியமரத்தடியில் மணியம்மா முதல் ஆளாகக் கை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை கட்டிற்று. டாக்டர் முகங்களைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து, துடைத்து, சொட்டு வைத்துக் குத்தினார். சில கைகள் சூடாக இருந்தன. சில, கிணற்றுக் கல் போலக் குளிர்ந்திருந்தன. எதையும் அவர் விடவில்லை.

வெயில் சாய்ந்தபோது ஏழுமலை ரிஜிஸ்டரிலிருந்து தலை தூக்கினான்.

"சார், வந்தது நாப்பத்தோரு பேரு. மருந்து அம்பத்தொம்பது பேருக்குச் செலவாயிக்கிது."

"இன்னும் யாராச்சும் நிக்கிறாங்களா பாரு."

"ஒருத்தரும் இல்ல சார்."

டாக்டர் நிமிர்ந்து பார்க்கப் பயந்துகொண்டு, கடைசியாக நீண்டிருந்த இடது கைக்குப் பஞ்சை நனைத்தார்.