மாதுளைத் தோல்

...இதற்குப் போய் யாராவது பொய் சொல்வார்களா என்று நினைத்தபடியே இசக்கிசெல்வி அடுப்படியில் நின்று டம்ளரை ஆற்றினாள், மாதுளைத் தோலும் மஞ்சளும் நெல்லிக்காயும் போட்டுச் சுண்டக் காய்ச்சிய பழுப்புத் தண்ணீர், நாக்கைச் சுருட்டுகிற துவர்ப்பு, கணவன் சங்கரபாண்டி விடியுமுன்னே எழுந்து தன் கையாலேயே காய்ச்சி வைத்தது... கூடத்தில் அவன் ராயகிரியிலிருந்து வந்திருக்கும் அக்கா ராஜேஸ்வரியிடம் பேசிக்கொண்டிருந்தான், கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற அதே குரல். "செடியில இருக்க ஆன்டி-ஆக்ஸிடன்ட்டு இருக்குல்லா அக்கா, அது கொடல்ல இருக்க வீக்கத்த அப்படியே அமத்திப்புடும். எலிக்குக் குடுத்துப் பாத்து எழுதிருக்கான். எலிய விடு, நம்ம செல்வியப் பாரு. மாத்திரைய நிறுத்தி வருசமாவப் போவுது, ஒரு சொட்டு ரத்தம் உண்டுமா?" நம்ம செல்வியப் பாரு... என்னத்தைப் பார்க்க? பார்க்க வேண்டியது பீரோவின் கீழ்த்தட்டில் நாப்கின் பாக்கெட்டுக்குள் இருக்கிறது, இந்த வீட்டில் ஆண் கை படாத இடம் அது ஒன்றுதான். வெறும் கசாயத்தோடு விட்ட கொஞ்ச நாளிலேயே மலத்தோடு ரத்தம் திரும்பி வந்ததும், டாக்டரின் பழைய சீட்டைக் காட்டித் தெரிந்தவள் பெனிட்டாவின் மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைகள், வாங்கிக்கொண்டே இருக்கிற மாத்திரைகள், அவன் கல்லூரிக்குக் கிளம்பிய பிறகு விழுங்குகிற மாத்திரைகள்.

சொல்லியிருக்கலாம்தான். எப்படிச் சொல்ல? திருநெல்வேலி டாக்டரிடம் போகும்போது பனவடலிசத்திரம் தாண்டி அவளுக்கு முடியாமல் போய், பஸ்ஸை நிறுத்தச் சொல்லிச் சத்தம் போட்டவன், உடைமரத்துக்குப் பின்னால் அவள் உட்கார, துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பஸ் முழுக்க வேடிக்கை பார்க்க நின்றவன், அவனிடம் போய் உங்கள் கசாயத்தில் குணமாகவில்லை என்று எந்த வாயால்... டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார், குடிக்கட்டும், கெடுதல் இல்லை, ஆனால் மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று. இவன் காதில் முதல் பாதிதான் விழுந்தது. மாமியார் ஆறுமுகத்தாய் கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்து நீட்டியபோது மட்டும் எப்படிக் குதித்தான்! "எம்மா, மண்ணத் தின்னா புண்ணு ஆறுமா, கூறுகெட்டு அலையாத." மாமியார் விடவில்லை, அவன் இல்லாத நேரம் பார்த்துக் கொடுத்தாள், அதையும்தான் முழுங்கினாள், இன்று தெருவெல்லாம் கோமதியம்மா மண்ணுதான் எம் மருமவளுக்கு ஆத்துச்சு என்று மாமியார் சொல்லுகிறாள், இல்லை என் மாதுளைத் தோல் என்று மகன் சொல்லுகிறான், ஒரு குடலுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள்... இந்த வீட்டில் எல்லார் அன்பும் அவள் தொண்டை வழியாகத்தான் இறங்க வேண்டுமா?

இது அவளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முத்துமாரி... மதினி ராஜேஸ்வரியின் ஒரே பெண், கல்லூரியில் சேர்ந்த வருடமே அவளுக்கும் இதே நோய், மாமா சொல்லிவிட்டார் என்று போன வாரமே மாத்திரையை நிறுத்தியாயிற்றாம், மதினி எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள், வந்ததிலிருந்து அந்தப் பிள்ளை குளியலறைக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறது, போனதும் குழாயைத் திறந்துவிடுகிறது, முழு வேகத்தில், வாளி நிரம்பி வழிகிற சத்தம். செல்விக்குத் தெரியாத சத்தமா அது? வயிற்றைப் பிசைந்து வருகிற சத்தம் கூடத்துக்குக் கேட்கக் கூடாது என்று அவள் கண்டுபிடித்த வித்தை அல்லவா, அவள் மட்டும் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தாள். சற்றுமுன் வெளியே வந்தபோது உதடு வெளுத்திருந்தது. "என்னட்டி?" என்றதற்கு, "ஒண்ணுமில்லத்த. மாமாட்ட சொல்லிராதிய, பாவம், அவுக எனக்காவத் தோலெல்லாம் காயப்போட்டு வச்சிருக்காவ..." பாவம். யார் பாவம்?

பீரோவைத் திறந்தாள், பாக்கெட்டுக்குள் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்தாள், உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள், இப்போது சொல்லிவிட வேண்டும், மதினி முன்னாலேயே... மதினி அவளை ஏற இறங்கப் பார்த்து, "மேலு தேறித்தான் இருக்க, கொடுத்து வச்சவ ஏட்டி நீ," என்று சிரித்தாள். சங்கரபாண்டி நிமிர்ந்தான், தினமும் காலையில் பார்க்கிற அதே பார்வை, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனைப் போல.

"குடிச்சிட்டியா செல்வி?"

"குடிச்சிட்டேன்." அது தானாக வந்தது. கசாயம் டம்ளர் நிறைய அடுப்படியிலேயே இருந்தது. குடிச்சிட்டியா... இத்தனை நாளாக இதைத்தானே கேட்கிறான், பஸ்ஸில் அன்று முழுக்க "வலிக்கா, வலிக்கா" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், அதைக் கடைசியாக எப்போது கேட்டான்? கசாயம் வந்த பிறகு ஒரு தடவையாவது? அவளும் பதிலைக் கொடுத்துக் கொடுத்தே அந்தக் கேள்வியைக் கொன்றுவிட்டாளா...

உள்ளே மறுபடியும் குழாய் திறந்தது. தண்ணீர் கொட்டியது. செல்வி போய்க் கதவைத் தட்டினாள். "மக்கா, கொழாய மூடு."

"அத்த..."

"மூடு மக்கா. அவுகளும் கேக்கட்டும்."

குழாயின் திருகு கிறீச்சிட்டது. பிறகு தண்ணீர் நின்றது. கூடத்தில் பேச்சும் நின்றது. அட்டையின் விளிம்பு செல்வியின் உள்ளங்கையில் அழுந்திக்கொண்டிருந்தது, அந்தக் கையை அவள் இன்னும் திறக்கவில்லை.